எருசலேம் பயணம், 38 பேர், ஏப்ரல் 2024: தள்ளிப்போட்டால் விசுவாசக் குறைவா?

லிங்கராஜபுரம் அக்கா | பிப்ரவரி 4, 2024

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மனபாரத்தோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து 38 பேர் பரிசுத்த பூமிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். போன ஆகஸ்டிலேயே ஆளுக்கு 40,000 ரூபாய் முன்பணம் கட்டியாச்சு. யோர்தானின் அம்மானில் இறங்கி, நேபோ மலை பார்த்து, நதிப் பாலம் கடந்து நாசரேத், கலிலேயா, பெத்லகேம், எருசலேம், அப்புறம் தாபா எல்லை வழியாக எகிப்து. ஏப்ரல் 7 ராத்திரி கிளம்புவதாக ஏற்பாடு. ஒருங்கிணைப்பு முழுக்க என் பொறுப்பு.

அக்டோபர் 7-ல் இஸ்ரேல்-காசா போர் ஆரம்பித்தது. டிசம்பருக்குள் அடங்கிவிடும் என்றார்கள், அடங்கவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் கூட்டம் போட்டோம். "விசுவாசத்தோடு புறப்படுவோம், கர்த்தர் வழியை உண்டாக்குவார்" என்றார் பாஸ்டர். பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். மீதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

38 பேரில் 11 பேர் எழுபதைத் தாண்டியவர்கள். மூத்தவருக்கு 78 வயது, சக்கர நாற்காலி. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல்காரம்மா. வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வந்து கூலி வேலை செய்தவர். இப்போது அவர் இல்லை. இந்த அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் பெயர் கொடுத்திருக்கிறார். "நீ சொன்னா நான் வர்றேம்மா" என்கிறார். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை.

தள்ளிப்போடச் சொன்னால் என்னை அவிசுவாசி என்பார்களா? போகலாம் என்று சொல்லி ஏதாவது ஆனால்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெண்ணூர் பிரதர் | பிப்ரவரி 4, 2024

அக்கா, மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை. வழி சரியானதும் புறப்படலாம் என்று ஆபிரகாம் காத்திருந்திருந்தால் ஊரைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார். பாபிலோனிலிருந்து திரும்பும்போது எஸ்றா என்ன செய்தார்? அகாவா நதியண்டையில் உபவாசம் கூறினார். ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டார். எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லிவிட்டு, பிறகு எப்படிப் பாதுகாப்புக் கேட்பது என்று நினைத்தார். குழந்தைகளும் பொருள்களுமாக அந்த ஜனம் பத்திரமாக எருசலேம் போய்ச் சேர்ந்தது. நம் பாஸ்டர்கள் சொல்வதும் இதுதான். 38 பேரும் ஒரு நாள் உபவாசித்து ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பழைய டிக்கெட்காரர் | பிப்ரவரி 5, 2024

தம்பி, எஸ்றா எட்டாம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். உபவாசம் முடிந்ததும் அவர் பன்னிரண்டு ஆசாரியரைத் தெரிந்தெடுத்து, வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து அவர்கள் கையில் ஒப்படைக்கிறார். எருசலேமில் மூன்று நாள் தங்கியபின், நாலாம் நாள் மறுபடியும் நிறுத்துப் பார்த்து எழுதி வைக்கிறார்கள். ஜெபம் பண்ணினவரேதான் தராசையும் பிடித்தார். நெகேமியாவோ, நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகள் வழிவிடும்படி ராஜாவிடம் கடிதங்கள் கேட்டு வாங்கினார். இராணுவச் சேர்வைக்காரரும் குதிரை வீரரும் கூடவே போனார்கள். இன்றைய விசா என்பது அந்தக் கடிதங்கள்தானே? வேதம் இரண்டு பேரில் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

சிவாஜிநகரில் 26 வருஷம் டிக்கெட் போட்டவன் நான். புனிதப் பயணக் குழுக்கள் மட்டும் நூறுக்கு மேல் இருக்கும். சகோதரி, போவதா வேண்டாமா என்பதை நீங்கள் ஜெபித்து முடிவு பண்ணுங்கள். எதுவானாலும் இவற்றை இந்த வாரமே பாருங்கள்.

பாஸ்போர்ட்டுக்குத் திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதம் உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது பெயர். நம் தமிழ் ஆட்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். ஊரில் இனிஷியலோடு ஓடிப்போகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. உங்கள் டூரில் "திரும்பும்போது ஒரு நாள் துபாய்" என்று ஏதாவது சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு நாள் கடை வீதிக்காக நாலு பெரியவர்களைத் தனியாகப் பிரித்து நிறுத்த வேண்டாம்.

காப்பீட்டுத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பெரும்பாலான பயணக் காப்பீட்டில் போரால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். இது உங்கள் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டு டூருக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணினால்தான் அது திரும்பி வரும். ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் கணக்கே போடுவதில்லை, பணம் அப்படியே போய்விடுகிறது. யாராவது ஒரு ஆடிட்டர் தம்பியைச் சபையில் உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட்டுக்குப் போடும் உறையை எல்லாரும் கழற்றிவிட வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், எல்லையில் போய் நின்றால் தெரியும்.

விவேக்நகர் வியாழன் | பிப்ரவரி 5, 2024

நான் கத்தோலிக்கன். வியாழக்கிழமை தோறும் குழந்தை இயேசு கோவில் நவநாளுக்குப் போகிறவன். நற்செய்தியில் ஒரு குழுப் பயணம் பற்றி விவரமாகவே எழுதியிருக்கிறது. பாஸ்கா முடிந்து நாசரேத் கூட்டம் ஊர் திரும்புகிறது. பையன் கூட்டத்தோடுதான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் முழுக்க நடந்துவிடுகிறார்கள். அப்புறம் உறவுக்காரர்களிடம் தேடி, திரும்பி எருசலேமுக்கு ஓடி, மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களைவிட விசுவாசம் உள்ள இரண்டு பேர் உலகத்தில் உண்டா? அவர்களுக்கே தலை எண்ண மறந்துபோச்சு. எந்தப் பயணத்துக்குப் போனாலும் பஸ் கிளம்புமுன் எனக்கு இந்தப் பகுதிதான் ஞாபகத்துக்கு வரும்.

பெத்லகேம்31 | பிப்ரவரி 6, 2024

இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அக்காவின் பதிவைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

போன அக்டோபர் 7 சனிக்கிழமை காலையில் நாங்கள் 31 பேர் பெத்லகேமில் ஒரு ஹோட்டலில் இருந்தோம். எட்டு மணிக்கு எருசலேம் கிளம்ப வேண்டும். பைகள் லாபியில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவர் போனாக ஒலிக்க ஆரம்பித்தது. முதலில் கூப்பிட்டவர்கள் ஊரில் டிவி பார்த்தவர்கள்தான், எங்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் எருசலேம் போகும் சோதனைச் சாவடி மூடிவிட்டது என்று வழிகாட்டி வந்து சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டு அறையில் எல்லாரையும் உட்கார வைத்தேன். தொண்ணூற்றொன்றாம் சங்கீதம் வாசித்தோம். "கர்த்தர் நம்மைக் கைவிட மாட்டார், தைரியமா இருங்க" என்றேன். அப்போது கல்யாணமாகி ஆறு மாதமே ஆன ஒரு பெண் கையைத் தூக்கிக் கேட்டாள்: "அண்ணா, பஸ்ல டீசல் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி வந்தது. 31 பேர் உயிருக்குப் பொறுப்பேற்றவன் நான். டீசல் எவ்வளவு இருக்கிறது, டிரைவர் எந்த ஊர்க்காரர், தெற்கே போகும் பாதை திறந்திருக்கிறதா, எதுவுமே கேட்டு வைக்கவில்லை. எனக்குத் தெரியாத இடத்தை எல்லாம் கர்த்தர் பெயரைச் சொல்லி நிரப்பிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி என் அறையில் நான் பண்ணிய ஜெபம் பாதுகாப்புக்காக அல்ல, மன்னிப்புக்காக.

பிறகு வழிகாட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். டெல் அவிவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு 31 பேர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அனுப்பினேன். அதே பெத்லகேமில் மேகாலயாவிலிருந்து வந்த 27 பேரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எகிப்துக்குள் கடந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் எங்களுக்கும் மூச்சு வந்தது. நாங்களும் தெற்கே போய்த் தாபா எல்லையைக் கடந்தோம். இந்தியர்களைத் திரும்ப அழைத்துவர நம் அரசு விட்ட ஆபரேஷன் அஜய் விமானங்கள் ஆரம்பித்ததே 12-ம் தேதிதான். அதற்குள் நாங்கள் கெய்ரோ வந்துவிட்டோம்.

வழி முழுக்கக் கர்த்தருடைய கரத்தைக் கண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கரம் ஒரு பாலஸ்தீன டிரைவர் உருவத்தில் வந்தது. ஹோட்டல் சமையற்காரர் ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிக்கொடுத்த ரொட்டியாக வந்தது. அக்கா, போகலாம், போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று அந்த 78 வயது அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், அது அவர் உங்களுக்குச் சொன்னதா, நீங்கள் அவர் பெயரில் போடும் கையெழுத்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெண்ணூர் பிரதர் | பிப்ரவரி 6, 2024

பெத்லகேம் அண்ணா, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன். எழுத வார்த்தை வரவில்லை. நான் எழுதியதை அழிக்கப் போவதில்லை, உபவாசத்தை இப்போதும் நம்புகிறேன். ஆனால் "புறப்படுங்கள்" என்று முடித்தது அவசரம். பெரியவரே, எஸ்றா எட்டை முழுக்க வாசித்தேன். தராசு இருக்கிறது.

இரவு ஷிப்ட் நர்ஸ் | பிப்ரவரி 7, 2024

அக்கா, எப்போது போனாலும் மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கு மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். எல்லாம் கைப்பையில்தான், பெட்டியில் போடக் கூடாது. இன்சுலினும் கைப்பையில்தான். பெட்டி போகும் இடத்தில் அது உறைந்துவிடலாம். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு வேண்டும். முட்டி வலிக்கு டிராமடால் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் முன்பே டாக்டரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் அது கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம்மூர் மெடிக்கலில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துப் போனால் ஜெயில் வரை போகும்.

நான் ஒரு தடவை சீனாய் போயிருக்கிறேன். மலை 2,285 மீட்டர். ராத்திரி ஒரு மணிக்கு ஏற ஆரம்பிப்பார்கள், குளிர் எலும்பைத் துளைக்கும். சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள் கீழே மடத்திலேயே ஜெபிக்கட்டும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஹெண்ணூர் பிரதர் | பிப்ரவரி 8, 2024

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வாலிபர் குழுவில் சிலர் அரபி மொழிக் கைப்பிரதிகள் வாங்கி வைத்திருக்கிறார்கள். அக்கா குழுவோடு கொடுத்தனுப்பலாமா?

பழைய டிக்கெட்காரர் | பிப்ரவரி 8, 2024

வேண்டாம் தம்பி, கண்டிப்பாக வேண்டாம். புனிதப் பயணம் என்று எழுதி விசா வாங்கிவிட்டு வேறு வேலை செய்தால் முதல் பொய் நம்முடையது. அதற்குமேல், நாம் பத்து நாளில் திரும்பிவிடுவோம். கூட வந்த வழிகாட்டியும் அங்கேயே பரம்பரையாக வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களும்தான் பின்விளைவைச் சுமக்க வேண்டும். பக்கத்தில் நேபாளத்திலேயே மதம் மாற்றுவதற்கு ஐந்து வருஷம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அது தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம் எதையும், அது வேதாகமமே ஆனாலும், திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. "உன் பையை நீயே கட்டினாயா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா" என்று இஸ்ரேல் பாதுகாப்பில் கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

விவேக்நகர் வியாழன் | பிப்ரவரி 9, 2024

யாரோ தனிச் செய்தியில் கேட்டார்கள், பொதுவிலேயே சொல்கிறேன். தமிழ்நாடு அரசு எருசலேம் பயணத்துக்குக் கொடுக்கும் 37,000 ரூபாய் உதவி (அருட்சகோதரிகளுக்கு 60,000) தமிழ்நாட்டில் வசிக்கும் கிறிஸ்தவர்களுக்குத்தான். பெங்களூரு முகவரியில் இருக்கும் நமக்குக் கிடையாது.

லிங்கராஜபுரம் அக்கா | பிப்ரவரி 18, 2024

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் இதே வேலையாக இருந்தேன்.

பாஸ்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். பெத்லகேம் அண்ணா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "டீசல் இருக்கான்னு கேட்ட அந்தப் பொண்ணு நம்ம சபையில இருந்தா, அவளை நாம அவிசுவாசின்னு சொல்லியிருப்போம் இல்லையா?" என்றார். அப்புறம் ரெண்டு பேரும் ஜெபித்தோம்.

இன்று சபையில் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். காப்பீடு போருக்குக் கொடுக்காது என்பதை அப்படியே வாசித்தேன். வெளியுறவு அமைச்சகம் என்ன சொல்கிறது என்பதையும் வாசித்தேன். இஸ்ரேலை இந்த முறை விட்டுவிடுவோம், யோர்தானும் எகிப்தும் மட்டும் போவோம் என்பது பாஸ்டரும் நானும் எடுத்த முடிவு. அகபாவிலிருந்து நுவைபாவுக்குச் செங்கடலில் படகு போகிறது, அதில் கடப்போம். வர விருப்பமில்லாதவர்களுக்கு முன்பணம் திரும்ப. டூர்காரர்களிடம் மன்றாடி ஆளுக்கு 6,000 பிடித்தத்தோடு ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒன்பது பேர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் அழுதுகொண்டே, "எருசலேம் இல்லைன்னா எனக்கு எதுக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

29 பேர் போகிறோம். கேஜிஎஃப் அம்மா உண்டு. துபாய் ஒரு நாள் கிடையாது. இரண்டு பேருக்கு ஒற்றைப் பெயர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆளுக்கு 5,000 ரூபாய் அவசரத்துக்கு என்று தனியாக வாங்கி, பாஸ்டர் கையிலோ என் கையிலோ இல்லாமல் இரண்டு மூப்பர்கள் கையில் எண்ணிக் கொடுத்திருக்கிறோம். திரும்பி வந்ததும் சபை முன்பு மறுபடியும் எண்ண வேண்டும். டிக்கெட்கார அய்யாவின் தராசு.

பெத்லகேம்31 | பிப்ரவரி 18, 2024

அக்கா, தூங்குங்கள் இனி.

லிங்கராஜபுரம் அக்கா | ஏப்ரல் 28, 2024

திரும்பிவிட்டோம். 29 பேரும் சுகம். நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

7-ம் தேதி ராத்திரி சபை வாசலில் ஜெபித்துவிட்டு வேன்களில் ஏறி தேவனஹள்ளி விமான நிலையம். கிளம்பும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பஸ்ஸில் ஏறினால் ஒன்றிலிருந்து அவரவர் தன் எண்ணைத் தமிழில் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் தலையை எண்ணினால் யாராவது கழிவறை போகும் நேரத்தில் தப்பாகிவிடுகிறது. குரல் தப்பாது. இருபத்தொன்பது என்று சொல்வது கேஜிஎஃப் அம்மா.

அம்மானில் ரம்ஜானின் கடைசி நாள்கள். டிரைவர் நோன்பு. ஃப்ரேசர் டவுன் மசூதித் தெருவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பகலில் அவர் முன்னால் சாப்பிட வேண்டாம் என்று நம் ஆட்களே பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் அவர் ஓரமாக நிறுத்திப் பேரீச்சம்பழத்தைப் பின்னால் அனுப்பினார். ஒவ்வொரு சீட்டாகக் கை மாறி வந்து கடைசி வரிசை வரைக்கும் எட்டியது.

மறுநாள் யோர்தானில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடம். அங்கே நதி சில மீட்டர் அகலம்தான், கலங்கிய பழுப்புத் தண்ணீர். எதிர்க்கரை இஸ்ரேல் வசம். அங்கே நாலைந்து பேர் வெள்ளை உடையில் படியில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். கல்லெறிந்தால் விழும் தூரம். நாங்கள் பாட ஆரம்பித்தோம். அந்தப் பக்கம் அவர்களும் அவர்கள் மொழியில் ஏதோ பாடினார்கள். ராகம் வேறு. யாரும் நிறுத்தவில்லை.

படகில் ஒரு சோதனை. ஏறியதும் எகிப்து அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார். நுவைபாவில் இறங்கிய பிறகுதான் கொடுப்பார்கள். ஈத் விடுமுறை, எகிப்து தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கில் ஊர் திரும்புகிறார்கள். நள்ளிரவு தாண்டிக் கட்டு திரும்பி வந்தது. எண்ணினேன். 28.

மறுபடி எண்ணினேன். 28. காணாமல் போனது 17-ம் எண், அறுபத்தாறு வயது சகோதரர். அவர் வியர்த்துப் போய் உட்கார்ந்துவிட்டார். சில பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அந்த நேரம் நான் ஜெபித்தது ஒரே ஒரு வரி: "ஆண்டவரே, என் கண்ணைத் திற." வேறு வார்த்தை வரவில்லை. பாஸ்டர் எல்லாரையும் ஒரு மூலையில் உட்கார வைத்து மெதுவாகப் பாட வைத்தார். நானும் ஒரு வாலிபத் தம்பியும் 28 பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். ஒன்றுக்கு மட்டும் தோல் உறை. சபையில் பரிசாகக் கொடுத்தது, மனசில்லாமல் கழற்றாமல் வைத்திருந்திருக்கிறார். அந்த உறையின் பின்மடிப்புக்குள் 17-ம் எண் பாஸ்போர்ட் கத்தி செருகினது போல நுழைந்திருந்தது.

அய்யா, ஏன் உறை வேண்டாம் என்றீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

13-ம் தேதி ராத்திரி பன்னிரண்டு பேர் சீனாய் ஏறினார்கள். மற்றவர்கள் நர்ஸ் தங்கச்சி சொன்னபடி கீழே. காலையில் அவர்கள் இறங்கி வந்தபோதுதான் போனில் செய்தி: ராத்திரியெல்லாம் ஈரானிலிருந்து இஸ்ரேலை நோக்கி டிரோன்களும் ஏவுகணைகளும். யோர்தான் வான்வழியையே மூடியிருந்தது. பழைய திட்டப்படி போயிருந்தால் அன்று ராத்திரி எருசலேமில் இருந்திருப்போம். "பாருங்க, கர்த்தர் தப்புவிச்சார்" என்றார் ஒருவர். அங்கே இருக்கிற ஜனங்களையும் சேர்த்து ஜெபிப்போம் என்றார் பாஸ்டர். ஜெபித்தோம்.

கதை அதோடு முடியவில்லை. 17-ம் தேதி கெய்ரோவிலிருந்து துபாய் வழியாகத் திரும்ப வேண்டும். முந்தின நாள் துபாயில் 75 வருஷத்தில் இல்லாத மழை. விமான நிலையமே தண்ணீரில். எங்கள் விமானம் ரத்து. போருக்குப் பயந்து எத்தனையோ யோசித்த எங்களை நிறுத்தியது மழை! மூன்று நாள் கெய்ரோவில். அவசரப் பணத்தில்தான் ஹோட்டலும் சாப்பாடும். சர்க்கரைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் மாத்திரை கையில் இருந்தது. நர்ஸ் தங்கச்சி, உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அந்த மூன்று நாளில் ஒரு நாள் பழைய கெய்ரோவில் அபு செர்கா கோவிலுக்குப் போனோம். ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு வந்த திருக்குடும்பம் தங்கிய இடம் என்று காப்டிக் கிறிஸ்தவர்கள் வணங்கும் குகை பீடத்துக்குக் கீழே இருக்கிறது. சொப்பனத்தில் எச்சரிக்கப்பட்டு யோசேப்பு அந்த ராத்திரியே எழுந்து கிளம்பினார். கையில் பிள்ளை இருக்கும்போது எல்லை தாண்டி ஓடிப் போனதும் விசுவாசம்தான் என்று அந்தக் குகை வாசலில் நின்றபோது எனக்குப் பட்டது.

இன்று ஆராதனைக்குப் பிறகு மூப்பர்கள் பணத்தை எண்ணினார்கள். 1,45,000-ல் மீதி 21,400. ரசீதோடு வாசித்தோம். ஆளுக்கு 737 ரூபாய் திரும்பக் கொடுத்து, மிச்சச் சில்லறையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டார்கள்.

பழைய டிக்கெட்காரர் | ஏப்ரல் 28, 2024

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சகோதரி. 17-ம் எண் சகோதரரிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் நர்ஸ் | ஏப்ரல் 29, 2024

நன்றியெல்லாம் வேண்டாம் அக்கா. அந்தக் கேஜிஎஃப் அம்மா எப்படி இருக்கிறார்? எருசலேம் பார்க்காமல் வந்தது வருத்தம்தானே?

லிங்கராஜபுரம் அக்கா | ஏப்ரல் 29, 2024

அதை எழுத விட்டுப்போச்சு.

நேபோ மலையில் அன்று மங்கலான வெயில். மோசே நின்று பார்த்த இடம் என்று வழிகாட்டி காட்டினார். கீழே சவக்கடல், அதற்கப்பால் எரிகோ இருக்கும் திசை, வானம் தெளிவாக இருந்தால் எருசலேமும் தெரியும் என்றார். எங்களுக்குத் தெரியவில்லை, புகைமூட்டம். அம்மாவின் நாற்காலியை விளிம்புக் கம்பி வரை தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் துடைத்துப் பார்த்தார்.

"மோசேயையும் உள்ளே விடலைதானே?"

"ஆமாம்மா."

"ஆனா காட்டினார்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி எண் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தெட்டோடு நின்றது. அங்கிருந்தே, மலை விளிம்பிலிருந்து, குரலை உயர்த்தி "இருபத்தொன்பது" என்றார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மே மாதத்திலிருந்து மறுபடியும் சீட்டில் சேர்கிறாராம். மாதம் 2,000.